முன்னே வந்தவர்களின் குக்கர்

ஜெர்மனியின் மேற்கு விளிம்பில், பெல்ஜியமும் நெதர்லாந்தும் வந்து தொடும் இடத்தில் இருக்கிறது ஆஹன். நகரப் பேருந்தில் ஏறி ஃபால்ஸ் என்ற ஊரில் இறங்கினால் நாம் நிற்பது நெதர்லாந்து மண். அங்கிருந்து காட்டுப்பாதையில் ஏறினால் 322 மீட்டர் உயரமுள்ள குன்று. அதன் உச்சியருகே மூன்று நாடுகளின் எல்லைகளும் ஒரு கல்லில் கூடுகின்றன. வேலி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் குழந்தைகள் அந்தக் கல்லைச் சுற்றி ஓடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று நாடு கடந்துவிடுகிறார்கள்.

ஊர் பழையது. பூமிக்கடியிலிருந்து சூடாக வரும் கந்தக நீருக்காக ரோமானியர்கள் இங்கே குளியல் கூடங்கள் கட்டினார்கள். அதே வெந்நீருக்காகப் பேரரசர் கார்ல் இங்கே அரண்மனை அமைத்தார். 814-இல் இறந்த அவரை இங்குள்ள பேராலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். 936 முதல் 1531 வரை ஜெர்மானிய அரசர்கள் முடிசூடியதும் அந்த ஆலயத்தில்தான். 1978-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் முதல் பட்டியலை வெளியிட்டபோது அதில் இடம்பெற்ற 12 இடங்களில் இதுவும் ஒன்று. நகர மையத்தில் எலிசன்புருன்னன் மண்டபத்தின் அருகே போனால் இன்றைக்கும் அந்தக் கந்தக வாடை மூக்கில் ஏறும். நனைந்த தீக்குச்சி மணம்.

ஆனால் கரூரிலிருந்து நான் இங்கே வந்தது பேரரசருக்காக அல்ல. 1870-இல் தொடங்கிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்காக வந்தேன். சுமார் இரண்டரை லட்சம் பேர் வாழும் ஊரில் அந்த ஒரு பல்கலைக்கழகத்தில் மட்டும் ஏறத்தாழ 45,000 பேர் படிக்கிறார்கள். இயந்திரவியல் படித்த எவரும் இதன் பெயரை எங்காவது கேட்டிருப்பார்கள். 2024 அக்டோபரில், குளிர்காலப் பருவம் தொடங்கும் வாரத்தில் வந்து சேர்ந்தேன். பாடத்தைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரை வகுப்பறைக்கு வெளியே நடந்ததைப் பற்றியது. ஒரு பிள்ளை வெளிநாட்டில் போய் எப்படிக் காலூன்றுகிறாள் என்பதை நம் ஊரில் யாரும் விரிவாகச் சொல்வதில்லை. விமான நிலையத்துப் படம் வரும், அடுத்து பட்டமளிப்பு விழாப் படம் வரும். நடுவில் இருப்பதுதான் வாழ்க்கை.

முதலில் பணம். இங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆஹன் இருக்கும் மாநிலத்தில் அது இல்லை. பருவத்துக்கு முந்நூறு யூரோவை ஒட்டிய ஒரு தொகை கட்ட வேண்டும். அதிலேயே நாடு முழுக்க உள்ளூர் ரயில்களிலும் பேருந்துகளிலும் போய்வரும் பயணச்சீட்டும் அடக்கம். இதைக் கேட்டுவிட்டுத்தான் நம் ஊரில் 'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்கிறார்கள். ஆனால் விசாவுக்கு முன்பே 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். வந்த பிறகு மாதம் 992 யூரோவாக அது நம் கைக்குத் திரும்பும். அந்தத் தொகைக்காக அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தார். அந்த 992 யூரோவில் அறை வாடகை, மாதம் 140 யூரோவுக்கு மேல் போகும் மருத்துவக் காப்பீடு, சாப்பாடு, கைப்பேசி எல்லாம் அடங்க வேண்டும். அடங்கும். கணக்கு எழுதி வைத்தால் அடங்கும்.

அறைதான் மலை. படிக்க வரும் ஊர்கள் எல்லாவற்றிலும் மாணவர் விடுதிக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கிறது. அதைப் பயன்படுத்தி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அழகான அறையின் படம் போட்டு, 'நான் வேறு நாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்பார்கள். நேரில் பார்க்காத அறைக்குப் பணம் அனுப்பக் கூடாது என்பது இங்கே வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லப்படும் முதல் அறிவுரை. அதை எனக்குச் சொன்னவர் மதுரைக்கார அக்கா ஒருவர். தமிழ் மாணவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஊர்ப் பெயரைப் பார்த்து அவராகவே பேசினார். ஆய்வேட்டுக்காக நான்கு மாதம் வேறு நகரத்துக்குப் போகவிருந்தார். அந்த நான்கு மாதத்துக்குத் தன் அறையை, வீட்டு உரிமையாளரின் ஒப்புதலுடன், எனக்குக் கொடுத்தார்.

'உரிமையாளர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாம எந்த ரூமுக்கும் போயிடாத. அது இல்லேன்னா இந்த ஊர்ல நீ இல்ல' என்றார் அக்கா.

அவர் சொன்னதில் மிகை இல்லை. ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அன்மெல்டுங் என்கிறார்கள். அதற்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. 'இவர் இங்கே குடிவந்தார்' என்று வீடு கொடுத்தவர் எழுதித் தரும் தனித்தாள் வேண்டும். இந்தப் பதிவு கிடைத்தால்தான் மற்றவை நகரும். வரி எண் தபாலில் வரும். வேலைக்குச் சேர அந்த எண் வேண்டும். வங்கிக் கணக்குக்கு முகவரிச் சான்று வேண்டும். முடக்கக் கணக்குப் பணம் வந்து சேர வங்கிக் கணக்கு வேண்டும். வதிவிட அனுமதி அட்டைக்குப் பதிவு, காப்பீடு, பணம், சேர்க்கைச் சான்று நான்கும் வேண்டும். ஒன்றின் வாலை இன்னொன்று பிடித்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் டெர்மின் எடுக்க வேண்டும். குறித்த நாள், குறித்த மணி, குறித்த அறை எண். நேரில் போய் நின்று கெஞ்சி வாங்குகிற வழக்கம் இங்கே செல்லாது. ஆனால் டெர்மின் கிடைத்துவிட்டால் அந்த மணிக்கு அந்த அலுவலர் நமக்காக உட்கார்ந்திருப்பார். தாள்கள் சரியாக இருந்தால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். கும்பிட வேண்டாம், தெரிந்தவர் பெயர் சொல்ல வேண்டாம். தாலுகா அலுவலக வராந்தாவில் அப்பாவோடு நின்ற பல காலைகளை நினைத்தபடி நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இந்த முறைமையை நான் மனதார மதிக்கிறேன்.

முகவரிப் பதிவுக்குப் போன அன்று என்னோடு அக்காவும் வந்தார். அவருக்கு அதற்கு மறுநாள் ரயில். மூட்டை கட்டும் வேலை பாதியில் கிடந்தது. இருந்தும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அலுவலர் ஜெர்மனில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பதிவான சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணத்துக்கான கடிதம் வரும், பெட்டி இல்லையென்றாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ உண்டு, ஒரே வீட்டில் இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம், பதில் எழுதாமல் மட்டும் விடக் கூடாது என்றும் அவர்தான் முன்கூட்டிச் சொன்னார். இங்கே அரசும் வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் இன்னும் தாளில்தான் பேசுகின்றன. தபால் பெட்டியில் நம் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும்.

அக்கா விட்டுப்போனவற்றை எழுதுகிறேன். மூன்று லிட்டர் பிரஷர் குக்கர், தோசைக்கல், முழங்கால்வரை வரும் குளிர்கோட்டு, மேசை விளக்கு, ஒரு பொட்டலம் மஞ்சள்தூள். குக்கர் அவருடையதும் அல்ல. அவருக்கு முன் அந்த அறையில் இருந்த திருச்சிப் பெண் கொடுத்தது. அந்தப் பெண்ணுக்கு யார் கொடுத்தது என்று அக்காவுக்குத் தெரியாது. கைப்பிடி ஒருமுறை மாற்றப்பட்டிருக்கிறது. கேஸ்கட்டை ஊரிலிருந்து வருகிறவர்கள் யாராவது எடுத்துவந்து மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

வீட்டில் நால்வர். ஒரு சமையலறை, ஒரு குளியலறை. கட்டடக்கலை படிக்கும் ஜெர்மன் பெண், ஈரானிலிருந்து வந்த வேதியியல் மாணவி, ஸ்பெயின்காரர் ஒருவர், நான். இப்படிக் கூடிவாழும் வீட்டை வேகே என்கிறார்கள். சுவரில் துப்புரவு அட்டவணை. இந்த வாரம் குளியலறை யார், தரை யார், குப்பை யார் என்று பெயர்கள் சுழலும். எங்கள் வீட்டில் அம்மா செய்தாள், நான் படித்தேன். தமிழ்நாட்டில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அப்படித்தான் வளர்கிறோம். கோப்பையைக் கழுவிக்கொண்டு போய் வைப்பதே பெரிய உதவி என்று பாராட்டப்படுகிறோம். இங்கே அந்த அட்டவணையில் என் பெயரைப் பார்த்தபோது, இத்தனை வருடம் அம்மா எத்தனை பேருடைய பெயருக்கு எதிரே ஒருத்தியாக நின்றாள் என்பது புரிந்தது. அன்று இரவு அவளிடம் அதைச் சொன்னேன். 'நீ ஒழுங்கா சாப்பிடறியா, அதச் சொல்லு கண்ணு' என்றாள்.

குப்பைக்கு ஒரு பாடத்திட்டமே இருக்கிறது. பிளாஸ்டிக் பொதி உறைகள் மஞ்சள் தொட்டிக்கு, தாள் தனி, காய்கறித் தோல் தனி, மீதி தனி. கண்ணாடிப் புட்டிகளைத் தெருமுனைத் தொட்டிகளில் நிறம் பிரித்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலும் இரவிலும் போடக் கூடாது, சத்தம் பிறருக்கு இடைஞ்சல். தண்ணீர்ப் புட்டியும் டப்பாவும் வாங்கும்போது 25 சென்ட் முன்பணமாகச் சேர்த்து வாங்கிவிடுவார்கள். காலிப் புட்டியைக் கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், பணம் திரும்பும். மாதக் கடைசியில் மாணவர்கள் பை நிறையப் புட்டிகளோடு அந்த இயந்திரத்தின் முன் நிற்பதைப் பார்க்கலாம். அந்தச் சீட்டில் ஒரு வேளைக்கான பாலும் ரொட்டியும் வந்துவிடும்.

சமையலைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். தாளிப்பதற்கு முன் சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலை அகலத் திறக்க வேண்டும். நடைவழிக் கூரையில் புகை உணரும் கருவி இருக்கிறது. காய்ந்த மிளகாய் கருகினால் அது கட்டடத்தையே எழுப்பும். அடுப்பு கண்ணாடித் தட்டு அடுப்பு, அணைத்த பிறகும் நெடுநேரம் சூடு தங்கும், ஆகவே குக்கரை மூன்றாவது விசிலுக்கு முன்பே நகர்த்திவிட வேண்டும். முதல் விசிலுக்கு ஈரானியத் தோழி ஓடிவந்தாள். பிறகு அவளுக்குப் பருப்பு சாதம் பிடித்துப்போனது. அவள் அடியில் முறுகும் குங்குமப்பூச் சோறு செய்வாள். அந்த முறுகலை அவர்கள் வீட்டில் விருந்தாளிக்குத்தான் முதலில் வைப்பார்களாம். எனக்கு வைத்தாள்.

மாவு புளிக்காது. அறையில் இருபது டிகிரி தாண்டாத ஊரில் உளுந்தும் அரிசியும் இரண்டு நாளானாலும் அப்படியே கிடக்கும். வெதுப்பி அடுப்புக்குள் வைத்து அதன் விளக்கை மட்டும் எரியவிட்டால் விடியும்போது பொங்கியிருக்கும். இதுவும் முன்னே வந்தவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன வழி. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் நல்லெண்ணெயும் ஈழத்தமிழர் நடத்தும் கடைகளில் கிடைக்கின்றன. முதன்முதலாக அப்படி ஒரு கடைக்குள் நுழைந்து விலை கேட்டபோது, கல்லாவில் இருந்த அம்மா என் பேச்சைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். 'இந்தியாவோ பிள்ளை? படிக்க வந்தனீங்களோ? தனியவோ இருக்கிறீங்கள்?' என்றார். கறிவேப்பிலைக்குக் காசு வாங்கவில்லை. குளிரில் தேசிக்காய்த் தண்ணி குடிக்க வேண்டாம், மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடிக்கச் சொன்னார்.

வீட்டில் சமைக்க நேரமில்லாத நாட்களில் மென்ஸா இருக்கிறது. மாணவர் உணவுக்கூடம். மூன்று, நான்கு யூரோவில் சூடான சாப்பாடு, தினமும் ஒரு சைவ வகை உண்டு. உருளைக்கிழங்கை எத்தனை விதமாகச் செய்ய முடியும் என்பதை அங்கேதான் கற்றேன்.

வகுப்பைப் பற்றிச் சிறிது. பத்து மணி என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பத்தே காலுக்குத் தொடங்குவார்கள். பழைய கல்வி மரபு. முடிந்ததும் கைதட்டுவதில்லை, விரல் முட்டிகளால் மேசையைத் தட்டுகிறார்கள். எண்ணூறு பேர் அமரும் கூடத்தில் அந்த ஓசை எழும்போது நெஞ்சு நிமிரும். வருகைப்பதிவு அநேகமாகக் கிடையாது. உள்மதிப்பெண் கிடையாது. பருவ முடிவில் ஒரே தேர்வு. அதற்குப் பதிவு செய்வதும் நம் பொறுப்பு, தேதி போனால் போனதுதான். 1.0 தான் உயர்ந்த மதிப்பெண், 4.0 தேர்ச்சியின் கடைசிப்படி. ஒரு தாளை மூன்று முறை எழுதலாம். மூன்றாவதிலும் போனால் அந்தப் படிப்பையே விட வேண்டியதுதான். கல்லூரியில் அரியர் வைத்து எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்ற பழக்கத்தோடு வருகிறவர்கள் இதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் அறிவில் குறைந்தவர்கள் அல்ல. யாரும் பின்னால் நின்று துரத்தாத படிப்பு நமக்குப் புதிது, அவ்வளவுதான். துரத்த ஆளில்லாதபோது தானே எழுந்து போய் நூலகத்தில் உட்காரும் பழக்கம் வந்துவிட்டால் இந்த முறையில் படிப்பதைப் போன்ற இன்பம் வேறில்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். ஊருக்கும் நமக்கும் இடைவெளி மூன்றரையிலிருந்து நாலரை மணி நேரமாகிறது. பிறகு இருட்டு நெருங்கத் தொடங்கும். டிசம்பரில் சூரியன் காலை எட்டரைக்கு மேல் எழுந்து மாலை நாலரைக்கு விழுந்துவிடுகிறது. அந்தச் சில மணிகளும் பெரும்பாலும் மேகத்துக்குப் பின்னால். ஆஹன் மழை பலமாகப் பெய்வதில்லை, ஓயாமல் தூறும். உடம்பு குளிருக்குப் பழகிவிடும். மனம் இருட்டுக்குப் பழக அதிக நாளாகும். எங்களில் சிலர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கையிலேயே நாள் கழித்தார்கள். அதைச் சோம்பல் என்று வீட்டில் இருப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. பகலில் வெளிச்சம் இருக்கும் அரைமணி நேரமாவது வெளியே நடக்க வேண்டும், வாரம் ஒருமுறையாவது இன்னொருவர் வீட்டில் சாப்பிட வேண்டும். ஆலோசனை தேவைப்படுகிறவர்களுக்கு மாணவர் நலச் சேவையில் உளநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நவம்பர் 11 அன்று புனித மார்ட்டின் நாள். அந்தி சாய்ந்ததும் சிறு குழந்தைகள் தாங்களே ஒட்டிச் செய்த காகித விளக்குகளைக் கழியில் தொங்கவிட்டுக்கொண்டு பாடியபடி தெருவில் போனார்கள். ஒரு மாதம் கழித்துத் திருக்கார்த்திகை வந்தது. சிறு மெழுகுவிளக்குகளை ஜன்னல் விளிம்பில் வரிசையாக ஏற்றி வைத்தேன். ஜெர்மன் பெண் தன் பங்குக்கு இரண்டு ஏற்றினாள். இருட்டான மாதத்தில் விளக்கேற்றுவது அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். 1919-ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பு ஞாயிற்றை ஓய்வுநாளாகக் காத்தது. 1949-இல் வந்த அடிப்படைச் சட்டம் அந்தப் பிரிவை அப்படியே ஏற்றுக்கொண்டது. சனிக்கிழமை மாலைக்குள் அரிசி, பால் வாங்கி வைத்துவிட வேண்டும். முதலில் இது எனக்குத் தொல்லையாக இருந்தது. இப்போது கடை ஊழியருக்கும் குடும்பத்தோடு உட்கார ஒரு நாளைச் சட்டமே கொடுத்திருப்பதை நியாயம் என்கிறேன். ஜவுளிக்கடைகளில் நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதைப் பெரிதாகவே நினைப்பார்கள்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் ஹாம் நகரத்துக்குப் போனோம். கோவையைச் சேர்ந்த தோழியும் விருதுநகர்த் தம்பி ஒருவனும் நானும். ஆஹனில் ஏறினால் ஹாம் வரை ஒரே ரயில், மாணவர் பயணச்சீட்டிலேயே போகலாம். கொலோனில் நிலையத்தை ஒட்டியே அந்த மாபெரும் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள். அடுத்த நிமிடம் ரயில் ரைன் ஆற்றுப் பாலத்தில் ஏறும். பிறகு டுஸல்டார்ஃப். அடுத்து டூயிஸ்பர்க், எஸ்ஸன், டார்ட்மண்ட். நிலக்கரியாலும் எஃகாலும் வளர்ந்த ஊர்கள். 2018 டிசம்பரில் இந்தப் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள்.

ஹாமிலிருந்து பேருந்து பிடித்து ஊன்ட்ராப் என்ற இடத்துக்குப் போக வேண்டும். கிடங்குகளும் லாரிகளும் நிற்கும் தொழிற்பேட்டை. அதன் நடுவே 17 மீட்டர் உயரத்தில் ராஜகோபுரம் எழுந்து நிற்கிறது. ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். 2002-இல் குடமுழுக்கு நடந்தது. அதற்கு முன் 1980-களின் இறுதியில் ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கிய வழிபாடு அது. வைகாசி, ஆனி வாக்கில் நடக்கும் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். அம்பாளுக்குத் தீர்த்தம் அங்கே ஓடும் கப்பல் கால்வாயில்.

நாங்கள் போன அன்று கூட்டம் இல்லை. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் கற்பூரமும் நெய்யும் கலந்த மணம். விருதுநகர்த் தம்பி அழுதுவிட்டான். பூசை முடிந்து சோறு போட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் வந்தவர், எங்களை விசாரித்தார். ஆஹனிலிருந்து வருகிறோம் என்றதும் எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். பயணச்சீட்டைக் காட்டினோம். சற்று நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்தார்.

'நாங்கள் வந்த நேரம் அகதிக்கு எந்த மாவட்டம் எண்டு எழுதிக் குடுப்பாங்கள். அந்த எல்லையைத் தாண்டுறதெண்டால் அனுமதிக் கடிதம் வேணும் பிள்ளை. பக்கத்து ஊரில தமிழ் ஆக்கள் இருக்கினம் எண்டு தெரியும், போகேலாது. நீங்கள் ஓடித் திரியுங்கோ. நல்லாப் படியுங்கோ' என்றார்.

தஞ்சம் கேட்டு வந்தவர்களை மாவட்ட எல்லைக்குள் கட்டிப்போட்ட அந்தச் சட்டம் 1982-இல் வந்தது. அவர்கள் உணவகங்களில் பாத்திரம் தேய்த்தார்கள், தொழிற்சாலைகளில் இரவு நேரம் பார்த்தார்கள், ஊரில் எரியும் போரிலிருந்து எஞ்சியவர்களை அழைத்தெடுத்தார்கள். அந்தக் கூலியில் மிச்சம் பிடித்துத் தொழிற்பேட்டையில் கோபுரம் எழுப்பினார்கள். எங்கள் ஊர் மாணவர் கையில் இன்று கறிவேப்பிலையும் நல்லெண்ணெயும் வருவது அவர்கள் திறந்த கடைகளால். நாங்கள் இங்கே வந்தது விசாவோடும் வங்கிக் கணக்கோடும். அவர்கள் வந்தது உயிரோடு மட்டும். இந்த வேறுபாட்டைத் தமிழ்நாட்டிலிருந்து போகும் ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

திரும்பும் ரயிலில் தம்பி ஜெர்மன் பாடப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டான். அவன் எடுத்திருப்பதும் ஆங்கிலவழிப் படிப்புதான். என்னுடையதும் அதுவே. ஆனால் வீட்டு உரிமையாளர், மருத்துவரின் வரவேற்பாளர், தபால்காரர், ரயில் தாமத அறிவிப்பு எல்லாம் ஜெர்மனில் பேசுகின்றன. மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. 2025-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது. மொழி தெரியாதவருக்குக் கிடைப்பது கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை. மொழி தெரிந்தவருக்குத் தன் துறையிலேயே நிறுவன வேலை கிடைக்க வாய்ப்பு அதிகம். அங்கிருந்துதான் படிப்பு முடிந்தபின் நிரந்தர வேலைக்கும் வழி திறக்கிறது. ஆகவே ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: விண்ணப்பம் போடும் முன்பே ஜெர்மன் படிக்கத் தொடங்குங்கள். பி1 நிலை வரையாவது அங்கேயே முடியுங்கள். இங்கே வந்து படித்துக்கொள்ளலாம் என்றால் பாடமும் வேலையும் அதற்கு இடம் கொடுக்காது. கூடவே நான்கு குழம்பு வைக்கவும் கழிவறை கழுவவும் மகன், மகள் இருவருக்கும் பழக்கி அனுப்புங்கள்.

ஏற்கெனவே இங்கே இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் அக்டோபரில் உங்கள் ஊருக்கு யாராவது ஒரு பிள்ளை புதிதாக வருவார். முகவரிப் பதிவுக்கான அவருடைய முதல் டெர்மினுக்கு உடன் போங்கள். அரை நாள்தான் ஆகும்.